தடிமன் மீட்டரைப் பராமரிப்பது எப்படி: ப்ரோப் முதல் காலிபரேஷன் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

திருமங்கலம் பக்கம் ஓர் அரிசி ஆலை. பாய்லர் ஷெல்லில், அதாவது அதன் வெளித்தகட்டில், போன வருடம் சாக்பீஸால் வட்டம் போட்டு அளந்த அதே இடங்களில், ஒலியை அனுப்பி அளக்கும் மீட்டரால் தடிமனை மில்லிமீட்டரில் மறுபடி அளந்துகொண்டிருந்தேன். பாய்லர் ஆபரேட்டர் வயதானவர், பக்கத்தில் நின்று பழைய ரிப்போர்ட்டை வைத்து ஒவ்வோர் எண்ணாக ஒத்துப் பார்த்தார். மூன்றாவது புள்ளியில் நிறுத்தினார்.

"தம்பி, போன வருசம் ஒன்பது புள்ளி எட்டுன்னு எழுதியிருக்கு. இப்ப பத்து புள்ளி ரெண்டுங்கிறீங்க. இரும்பு வளருமா?"

வளராது. உள்ளே தண்ணீரும் நீராவியும், வெளியே நெருப்பும் சாம்பலும் தின்னத் தின்னத் தகடு குறையத்தான் செய்யும். தப்பு மீட்டரின் ப்ரோப்பில் இருந்தது, அதாவது தகட்டின் மேல் வைக்கும் தலையில். இரண்டு மாதமாக அதை வைத்து டியூப்களாகவே அளந்திருந்தேன். வளைந்த இரும்பில் தேய்ந்து தேய்ந்து ப்ரோப்பின் முகம் கால் மில்லிமீட்டர் அளவுக்குக் குழிந்துவிட்டது. ஏறக்குறையத் தட்டையான ஷெல்லில் வைத்ததும், ஒலி கடந்துபோக நடுவில் தடவும் ஜெல் அந்தக் குழியில் நிறைந்துகொண்டது. ஒலி அந்த ஜெல்லைக் கடக்க எடுத்த நேரத்தையும் மீட்டர் இரும்பின் கணக்கில் எழுதிவிட்டது. அன்று காலையில் ஸ்டெப் பிளாக்கில், அதாவது தடிமன் தெரிந்த படிகள் வெட்டிய உலோகத் துண்டில், ஒருமுறை வைத்துப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

உடைந்த வெர்னியரைக் கையில் எடுத்தாலே உடைந்தது தெரியும். ஆனால் தடிமன் மீட்டர் நோயில் இருக்கும்போதும் திரையில் இரண்டு தசமம் வரை தெளிவாக ஓர் எண் காட்டும். அந்த எண்ணை நம்பி ஒருவர் பாய்லருக்குப் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்கிறார். அதனால் இந்த மீட்டரைப் பராமரிப்பது என்றால், துடைத்துப் பெட்டியில் வைப்பது மட்டும் இல்லை. நமக்கு விடை தெரிந்த ஒரு கேள்வியைத் தினமும் அதனிடம் கேட்க வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது

ப்ரோப்பில் இருக்கும் பீசோ படிகம் (மின்சாரத்தை அதிர்வாக மாற்றும் படிகம்) ஒரு ஒலித்துடிப்பை அனுப்புகிறது. அது தகட்டின் பின்பக்கம் வரை போய்த் திரும்புகிறது. போய்வந்த நேரத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் தடிமன் கிடைக்கும். சாதாரண இரும்பில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 5,920 மீட்டர். 10 மி.மீ. தகட்டில் ஒலி போய்வர எடுக்கும் நேரம், ஒரு விநாடியைப் பத்து லட்சமாகப் பங்கு போட்டால் அதில் மூன்றரைப் பங்குகூட வராது. இவ்வளவு சின்ன நேரத்தை அளக்கிற கருவிக்கு ஒரு சொட்டு ஜெல், ஒரு முடி அளவு தேய்மானம் எல்லாம் பெரிய விஷயம்.

நம் ஊர்ப் பட்டறைகளிலும் ஆலைகளிலும் பெரும்பாலும் இருப்பது 5 மெகாஹெர்ட்ஸ், 10 மி.மீ. விட்டமுள்ள இரட்டைப் படிக ப்ரோப். ஒரு பாதி ஒலியை அனுப்பும், மறு பாதி வாங்கும், நடுவில் ஒலி தாண்டாமல் இருக்க ஒரு தடுப்பு. ப்ரோப் முகத்தை வெளிச்சத்தில் பார்த்தால் நடுவில் ஒரு கோடு தெரியும், அதுதான் அந்தத் தடுப்பு. இனி நான் சொல்வதெல்லாம் இந்த வகையை மனதில் வைத்துத்தான்.

காலையில் முதல் வேலை

மீட்டரை ஆன் செய்ததும் வேலைக்குப் போகாதீர்கள். ப்ரோப்பைச் சுத்தமாகத் துடைத்துக் காற்றில் பிடியுங்கள். திரையில் எண் எதுவும் வரக்கூடாது. எதையும் தொடாமலே ஓர் எண் அசையாமல் நின்றால் நடுத்தடுப்பு வழியாக ஒலி கசிகிறது, அல்லது முகத்தில் ஜெல் காய்ந்து ஒட்டியிருக்கிறது. மறுபடி துடைத்தும் எண் போகவில்லை என்றால் அந்த ப்ரோப்பை அன்றைக்கு வேலைக்கு எடுக்க வேண்டாம்.

அப்புறம் ஜீரோ. மீட்டரின் முகப்பிலேயே சின்ன வட்ட இரும்புத் தட்டு பதித்திருப்பார்கள். பல மீட்டர்களில் அது 4 அல்லது 5 மி.மீ. இருக்கும். ஒரு சொட்டு ஜெல் விட்டு, ப்ரோப்பை நேராக வைத்து, மீட்டர் அந்தத் தட்டின் தடிமனைச் சரியாகக் காட்டும்படி ஜீரோ செய்யுங்கள். ப்ரோப் மாற்றினாலும், பேட்டரி மாற்றினாலும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். போதாது. ஜீரோ தட்டு ஒரே ஒரு தடிமன்தான் சொல்லும். அளக்கப் போகும் தகடு 6-லிருந்து 12 மி.மீ. வரை என்றால், ஸ்டெப் பிளாக்கில் அதற்குக் கொஞ்சம் கீழே ஒரு படி, கொஞ்சம் மேலே ஒரு படி, இரண்டையும் வைத்துப் பார்க்க வேண்டும். மெல்லிய படியில் ஜீரோவைச் சரி செய்யுங்கள், தடித்த படியில் வேகத்தைச் சரி செய்யுங்கள், மறுபடி மெல்லிய படிக்கு வந்து பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகும் வரை இப்படிப் போய்வாருங்கள். கையால் வைத்து அளக்கும் இந்த முறைக்கான, அமெரிக்கத் தரநிலை அமைப்பான ஏ.எஸ்.டி.எம்.-இன் இ 797 தரநிலையும் இரண்டு தடிமனில் சரிபார்க்கும் வழியைச் சொல்கிறது. எல்லாம் சேர்த்து ஐந்து நிமிட வேலை.

பிளாக் எந்த உலோகம் என்பதையும் பாருங்கள். எவர்சில்வர் பால் டேங்க்கை அளக்கப் போகிறவர் சாதாரண இரும்பு வேகத்தையே விட்டுவிட்டால், 6 மி.மீ. தகடு 6.2-க்கு மேல் காட்டும். எவர்சில்வரில் ஒலி கொஞ்சம் மெதுவாகப் போவதுதான் காரணம். அலுமினியத்தில் வேகம் 6,300 பக்கம். வார்ப்பிரும்பு வார்ப்புக்கு வார்ப்பு மாறும், அதற்கு எந்தப் புத்தக எண்ணையும் நம்ப முடியாது. அதே வார்ப்பில் மைக்ரோமீட்டர் நுழையும் ஓர் ஓரத்தை அளந்து அதை வைத்தே வேகத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ப்ரோப்பின் முகம்

என்னைக் கேட்டால் பராமரிப்பில் முக்கால் பங்கு இதுதான்.

ஒரு ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பை ப்ரோப் முகத்தின் மேல் நிறுத்தி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே கண் மட்டத்தில் பிடியுங்கள். ஸ்கேலுக்கும் முகத்துக்கும் இடையில் வெளிச்சக் கோடு தெரிகிறதா? நடுவில் தெரிந்தால் குழிவு. இரண்டு ஓரத்திலும் தெரிந்தால் ஓரம் உருண்டிருக்கிறது. ஸ்கேலைத் தொண்ணூறு டிகிரி திருப்பி மறுபடி பாருங்கள், ஏனென்றால் டியூப்பில் தேயும் ப்ரோப் ஒரு திசையில் மட்டும்தான் குழியும். பிறகு விரல் நகத்தை முகத்தின் மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள். கீறல் இருந்தால் நகம் தட்டும்.

லேசான குழிவும் கீறலும் சரி செய்யக்கூடியவை. கனமான கண்ணாடித் துண்டு ஒன்றை மேசையில் வையுங்கள். மரப் பலகை வேண்டாம், அது தட்டையாக இருக்காது. அதன் மேல் 600 எண் உப்புத்தாளைச் சுருக்கம் இல்லாமல் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, ப்ரோப்பைச் செங்குத்தாகப் பிடித்து, எட்டு போடுவது போல மெதுவாக நகர்த்துங்கள். அழுத்தக் கூடாது, ப்ரோப்பின் சொந்த எடையே போதும். பத்துப் பன்னிரண்டு முறை நகர்த்தியதும் துடைத்து, ஸ்கேல் வைத்துப் பாருங்கள். முகம் முழுவதும் ஒரே மாதிரி மங்கலாகத் தெரிந்தால் தட்டையாகிவிட்டது. எங்காவது பளபளப்பு மிச்சம் இருந்தால் அங்கே குழிவு மிச்சம் இருக்கிறது. கடைசியில் 1,000 அல்லது 1,200 எண் தாளில் நாலைந்து எட்டு. அவ்வளவுதான்.

இதில் இரண்டு எச்சரிக்கை. முகத்துக்கும் படிகத்துக்கும் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் கொஞ்சம்தான், ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் அதிலிருந்துதான் எடுக்கிறோம். ஆசைப்பட்டுத் தேய்த்துக்கொண்டே போனால் ப்ரோப் போய்விடும். இன்னொன்று, தேய்த்த பிறகு முகம் குட்டையாகிவிட்டது, பழைய ஜீரோ செல்லாது. கட்டாயம் புதிதாக ஜீரோவும் இரண்டு படிச் சோதனையும் செய்ய வேண்டும்.

முகம் தேயாமல் பார்த்துக்கொள்வது இதைவிட எளிது. அளக்கும்போது ப்ரோப்பை வை, எடு, அடுத்த இடத்தில் வை. இழுக்கக் கூடாது. புதிதாக வரும் பையன்கள் துணிக்கு இஸ்திரி போடுவது போலத் தகட்டின் மேல் ப்ரோப்பை இழுத்துக்கொண்டே போவார்கள். துரு என்பது உப்புத்தாள்தான், ஒரே வாரத்தில் முகத்தைச் சாப்பிட்டுவிடும். அளக்கும் இடத்தைக் கம்பி பிரஷாலும் சுரண்டியாலும் சுத்தம் செய்து, செதில் துருவை எடுத்துவிட்டு வையுங்கள். கிரைண்டர் பிடித்தால் ஜாக்கிரதை, அளக்க வந்த இரும்பையே குறைத்துவிடக் கூடாது.

பெயின்ட்டை மறந்துவிடாதீர்கள். பெயின்ட்டில் ஒலி இரும்பைவிடப் பாதிக்கும் குறைவான வேகத்தில் போகும். ஒரு மில்லிமீட்டர் பெயின்ட் படிந்த தொட்டியில் சாதாரண முறையில் அளந்தால், இரும்பின் மேல் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் கூடுதலாகத் தெரியும். மீட்டரில் எதிரொலிக்கு எதிரொலி அளக்கும் முறை (அடுத்தடுத்த இரண்டு எதிரொலிகளுக்கு இடையிலான நேரத்தை மட்டும் எடுக்கும் முறை) இருந்தால் அதைப் போடுங்கள், இல்லாவிட்டால் அந்த இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டுங்கள்.

குழாயில் வைக்கும்போது நடுத்தடுப்புக் கோடு குழாயின் நீளத்துக்குக் குறுக்காக இருக்கட்டும். மெல்ல அசைத்துக் கிடைக்கும் மிகக் குறைந்த எண்ணை எழுதுங்கள்.

ஜெல்

கடையில் விற்கும் ஜெல், கிளிசரின், கிரீஸ், மெஷின் ஆயில் எல்லாமே ஒலியைக் கடத்தும். தட்டையான சுத்தமான பரப்புக்கு நீர்த்த ஜெல் போதும். செங்குத்துச் சுவருக்கும் சொரசொரப்பான இடத்துக்கும் கெட்டியானது வேண்டும், இல்லாவிட்டால் வழிந்துவிடும். எவர்சில்வருக்குக் குளோரைடு குறைந்த ஜெல் வாங்குங்கள். உணவுத் தொட்டியில் வேலை என்றால் எதைத் தடவப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கிவிட்டுத் தடவுங்கள்.

கிளிசரினில் ஒரு சிக்கல் உண்டு. அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். துடைக்காமல் விட்டால் ஜீரோ தட்டும் ஸ்டெப் பிளாக்கும் இரண்டே நாளில் துருப்பிடிக்கத் தொடங்கும். வேலை முடிந்ததும் ஈரத்துணி, அப்புறம் உலர்ந்த பனியன் துணி. தின்னர், அசிட்டோன், பெட்ரோல் எதுவும் ப்ரோப் பக்கம் வரவே கூடாது. முகத்தின் பிளாஸ்டிக்கையும் திரையையும் அவை அரித்துவிடும்.

கேபிள்

ரீடிங் வந்து வந்து போகிறதா? ப்ரோப்பைக் குறை சொல்வதற்கு முன் கேபிளைப் பாருங்கள். ப்ரோப்பை பிளாக்கின் மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கேபிளை இரண்டு முனைகளிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எண் குதித்தால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. அறுவது பெரும்பாலும் முனைக்கு இரண்டு விரல் தள்ளித்தான்.

காரணம் நம் கைதான். கேபிளை மீட்டரைச் சுற்றி இறுக்கிக் கட்டுவது, கேபிளைப் பிடித்து மீட்டரைத் தொங்க விடுவது, கழற்றும்போது கேபிளையே பிடித்து இழுப்பது. தள்ளிப் பூட்டும் வகை முனைகளில் வரிவரியாக ஒரு வளையம் இருக்கும். அதை விரல்களால் பிடித்து நேராக இழுத்தால் தானாகக் கழன்றுவிடும். திருகவே வேண்டாம். கேபிளை உள்ளங்கை அகல வட்டமாகச் சுற்றி வையுங்கள். கூடுதலாக ஒரு கேபிள் பையில் இருந்தால் எது பழுது என்று மாற்றிப் போட்டே கண்டுபிடித்துவிடலாம். முதலில் கேபிளை மாற்றுங்கள், சரியாகாவிட்டால் ப்ரோப்பை, அதற்கும் பிறகுதான் மீட்டர்.

வெயில், தூசி, மழை

மதுரையில் வைகாசி வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதில்லை. மூடிய காரிலோ பைக் பெட்டியிலோ மீட்டரை விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் உள்ளே அதைவிட எவ்வளவோ கூடும். திரை கறுத்துப் போகும், பேட்டரி ஒழுகும், உப்பும். கூடவே எடுத்துப் போய் இலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வதுதான் நான் செய்வது.

சாதாரண ப்ரோப் 50, 60 டிகிரி வரைதான் தாங்கும். நண்பகலில் வெட்டவெளித் தொட்டியின் மேல்தகடே அந்த அளவுக்குச் சுடும். உள்ளங்கையை வைத்து ஐந்து எண்ணும் வரை பொறுக்க முடியாவிட்டால் ப்ரோப்பையும் வைக்க வேண்டாம், அதிகாலையில் அளங்கள். பாய்லரைச் சூட்டோடு அளந்தே ஆக வேண்டும் என்றால் அதற்கென்று தனி ப்ரோப், தனி ஜெல் உண்டு. அதையும் ஐந்து விநாடிக்குள் எடுத்து, ஒரு நிமிடமாவது காற்றில் ஆறவிட்டு, அப்புறம்தான் அடுத்த புள்ளி. இரும்பு சூடானால் ஒலி மெதுவாகும். ஏறக்குறைய 55 டிகிரிக்கு ஒரு சதவீதம் தடிமன் கூடித் தெரியும். 30 டிகிரியில் பிளாக்கில் சரி செய்துவிட்டு 140 டிகிரிச் சுவரை அளந்தால், 6 மி.மீ. தகடு 6.12 காட்டும். ரிப்போர்ட்டில் பரப்பின் வெப்பத்தையும் எழுதுங்கள்.

மேலூர் பக்கம் கிரானைட் வேலை நடக்கும் இடங்களில் தூசி மாவு போல இருக்கும், ஆனால் அரம் போல அறுக்கும். கேபிள் முனைகளைத் திறந்து போடாதீர்கள். ப்ரோப்பில் ஜெல் தடவி வெளியே வைத்துவிட்டால் அதில் தூசி ஒட்டி அடுத்த முறை முகத்தைக் கீறும். மீட்டரை நல்ல கனமான பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறை வழியாகவே பட்டனை அழுத்தலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் பெட்டியை மூடுவதற்கு முன் எல்லாம் உலர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள்.

பேட்டரிக்கு ஒரே விதி. பத்து நாளுக்கு மேல் வேலை இல்லை என்றால் கழற்றி வைத்துவிடுங்கள். ஒழுகி வெள்ளையாகப் பூத்திருந்தால், கையுறை போட்டுக்கொண்டு, பஞ்சுக் குச்சியில் ஒரு துளி எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடைத்து, பின் ஸ்பிரிட்டால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள்.

ஸ்டெப் பிளாக்

மீட்டருக்கு உறை போடுகிறவர்கள்கூடப் பிளாக்கைச் சும்மா பைக்குள் எறிகிறார்கள். பிளாக்கே தப்பானால் எல்லாம் தப்பு. வெறும் விரல் பட்ட இடத்தில் வியர்வை உப்பு துருவாகும். துடைத்து, மெல்லிய எண்ணெய் தடவி, எண்ணெய்த் தாளில் சுற்றி வையுங்கள். துரு வந்துவிட்டால் உப்புத்தாள் போடாதீர்கள், போட்டால் படியின் தடிமனே மாறிவிடும். மாதம் ஒருமுறை மைக்ரோமீட்டரால் ஒவ்வொரு படியையும் அளந்து, சான்றிதழில் இருக்கும் எண்ணோடு ஒத்துப் பாருங்கள். பெட்டிக்குள் பிளாக்கும் ப்ரோப்பும் ஒன்றோடொன்று மோதாமல் பஞ்சுக் குழியில் தனித்தனியாக இருக்கட்டும்.

மெல்லிய தகட்டில் இரட்டை எண்

இது மீட்டரின் பழுது இல்லை, ஆனால் பழுதைவிட ஆபத்தானது. ஒரு மில்லிமீட்டர், அதற்கும் கீழே அரித்துப்போன தகட்டில் சாதாரண இரட்டைப் படிக ப்ரோப் முதல் எதிரொலியைத் தவறவிட்டு இரண்டாவதைப் பிடித்துக்கொள்ளும். 0.9 இருக்கும் இடம் 1.8 என்று வரும். சுற்றி 4 மி.மீ. இருந்து ஓரிடத்தில் மட்டும் இப்படி ஓர் எண் வந்தால், "பரவாயில்லை, இன்னும் இருக்கிறதே" என்று போய்விடாதீர்கள். மெல்லிய தகட்டுக்கான ப்ரோப்பை மாட்டி அங்கே மறுபடி அளங்கள்.

நோட்டுப் புத்தகமும் சாயங்காலச் சோதனையும்

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, ப்ரோப் எண், பிளாக்கின் இரண்டு படிகளில் காலையில் வந்த எண், மதியம் வந்தது, சாயங்காலம் வந்தது. மூன்று மாதம் எழுதினால் ப்ரோப் மெல்ல மெல்ல நகர்வது வரிசையாகவே தெரியும். ஒரு நாளும் எழுதாதவருக்கு அது தெரியவே தெரியாது.

சாயங்காலச் சோதனையில் பிளாக் 0.1 மி.மீ.க்கு மேல் மாறிக் காட்டினால், மதியச் சோதனைக்குப் பிறகு அளந்த எல்லாப் புள்ளிகளையும் மறுபடி அளக்க வேண்டும். எனக்குத் தெரியும், அந்த நேரத்தில் சாரம் பிரித்திருப்பார்கள், வண்டி காத்திருக்கும். என்னோடு வரும் பையன் ஒருமுறை, "அண்ணே, பாயின்ட் ஒண்ணுதானே தள்ளுது" என்றான். பாய்லர் டியூப்பில் அந்த 0.1 மி.மீ.தான் மாற்றுவதா விடுவதா என்று முடிவு செய்கிறது. மறுபடி சாரம் கட்டச் சொல்லித்தான் அளந்தோம்.

காலிபரேஷனும் ப்ரோப்பின் முடிவும்

வருடம் ஒருமுறை காலிபரேஷனுக்கு, அதாவது அளவு சரிபார்ப்புக்கு, ஆய்வுக்கூடங்களுக்கான சர்வதேசத் தரநிலை ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025 படி இந்திய அங்கீகார அமைப்பான என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற கூடத்துக்கு அனுப்புங்கள். மீட்டரை மட்டும் அனுப்பிவிட்டு ப்ரோப்பைக் கையில் வைத்துக்கொள்வது பலர் செய்யும் தப்பு. எந்த ப்ரோப், எந்தக் கேபிளோடு அளக்கிறீர்களோ அதையே சேர்த்து அனுப்ப வேண்டும். சான்றிதழ் வந்ததும் மூன்று விஷயம் பாருங்கள்: மீட்டரின் எண்ணும் ப்ரோப்பின் எண்ணும் உங்களுடையதுதானா, எத்தனை தடிமனில் சோதித்தார்கள், உங்கள் வேலை அந்த எல்லைக்குள் வருகிறதா. 25 மி.மீ. வரை சோதித்த சான்றிதழை வைத்து 60 மி.மீ. தகட்டுக்குக் கையெழுத்துப் போட முடியாது. கீழே விழுந்த மீட்டர் வருடம் முடியும் வரை காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே பிளாக்கில் பாருங்கள், சந்தேகம் இருந்தால் அனுப்பிவிடுங்கள்.

ப்ரோப்பை எப்போது கழிப்பது? காற்றில் பிடித்தாலும் எண் நிற்கிறது, ஜீரோ ஒரே நாளில் இரண்டு மூன்று முறை நகர்கிறது, முகத்தைத் தட்டையாக்கிய பிறகும் தடித்த படியில் ரீடிங் பிடிக்க மறுக்கிறது. இவற்றில் ஒன்று வந்தாலும் போதும். திருமங்கலத்தில் 10.2 காட்டிய ப்ரோப்பை அன்று இரவு கண்ணாடியில் தேய்த்துப் பார்த்தேன். தட்டையானது, ஆனால் காற்றில் பிடித்தால் எண் போகவே இல்லை. மறுநாள் புது ப்ரோப்பில் அதே வட்டத்தில் 9.6 வந்தது. பழையதன் கேபிள் முனையை வெட்டி, தலையில் சிவப்புப் பெயின்ட் அடித்து, பையிலிருந்தே எடுத்துவிட்டேன், அவசரத்தில் யாரும் மாட்டிவிடக் கூடாது என்று.